எடுத்தாக

செல்வம்,

உன் அம்மாதான் எழுதுகிறேன். நான் போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மணி அடித்து ஓயும் வரைக்கும் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து "என்னம்மா, சொல்லு" என்று குரலைப் பதிந்து அனுப்புகிறாய். நானும் பதிலுக்குப் பதிந்து அனுப்புகிறேன். நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு எவ்வளவு நாளாயிற்று! இப்போது சொல்ல வந்த சமாசாரத்தை அப்படித் துண்டு துண்டாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. எனக்கோ ஒரு காதுதான் கேட்கிறது. நான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவேன், தெருவே கூடிவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எட்டாவதோடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் நீயே சரி பண்ணி வாசித்துக்கொள். வேலை இடத்தில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், முதலில் சாப்பிடு. வாசித்த பிறகு உனக்குச் சோறு இறங்காது என்பதால் சொல்கிறேன்.

நீ ஓசூருக்குப் போனபின் இந்த வீட்டில் எனக்குத் துணையென்று இருப்பது உன் கம்ப்யூட்டர்தான். அது வந்த நாளில் நான் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? நாங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெடித்து உன் அப்பா போய், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த நேரம். நீ லேபிள் டிசைன் போடும் பிரஸ்ஸில் பழசைக் கழித்தார்கள் என்று ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாய். "ஏலே, அப்பன் போன வீட்டுக்கு இது ஒரு கேடா?" என்று கேட்டேன். நீ பாட்டுக்கு வயரைச் சொருகினாய், உட்கார்ந்தாய். அப்புறம் வேலைவிட்டு வந்தால் அதுதான், ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். பெண் பார்க்கக் கூப்பிட்டாலும் அதைவிட்டு எழுந்திருக்க மாட்டாய். அந்தச் சனியனை ஆனைக்குட்டம் அணையில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். தூக்க முடியாத கனம், அதனால் தப்பித்தது.

பிறகு எனக்கே அது பழகிப்போனது. நீ என்னோடு பேசாவிட்டாலும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அதில் நீ ஆடும் விளையாட்டைப் பற்றிப் பேசினாய். அதற்காகவே வெங்காயமோ பூண்டோ எதையாவது உரித்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். ஒரு ரயில் வரும். தொப்பி போட்ட ஒருத்தன் இறங்குவான். காலைப் பொழுது. கடிகார மண்டபம், செருப்புத் தைக்கிறவன், பால்கடை, ஊருக்கு நடுவில் பெரிய நாடகக் கொட்டகை. சாயங்காலம் கொட்டகை தீப்பிடித்து எரியும். உள்ளே இருந்த அத்தனை பேரும் போய்விடுவார்கள். திரை வெள்ளையாகும். உடனே ரயில் கூவும், அதே ஆள் அதே காலையில் திரும்பவும் இறங்குவான். "என்ன கருமம் பிடிச்ச விளையாட்டுலே இது? செத்தவன்லாம் எந்திரிச்சு, மறுபடி பால் வாங்க வாறான்!" என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். அப்பா போனபின் நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீ எனக்கு விளக்கிச் சொன்னாய். அந்த ஊரில் யாருக்கும் நேற்று நடந்தது தெரியாது. ரயிலில் வந்தவனுக்கு மட்டும் தெரியும். அவன் கையில் எதுவும் மிஞ்சாது, சாவி கிடைத்தாலும் மறுநாள் இருக்காது, தெரிந்துகொண்டது மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்து, யாரால் பிடித்தது என்று கண்டுபிடித்தால் தீயை நிறுத்திவிடலாம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நீ வாசித்து வாசித்துச் சொல்வாய். செருப்புத் தைக்கிறவன் எந்நேரம் கடையைப் பூட்டுவான், டிக்கெட் கிழிக்கும் சிவப்புத் தொப்பிக்காரி யாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவாள், எல்லாம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. நம் கம்பெனி வேனில் ஏறுகிறவர்களை எனக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

ஒரு தடவை நமக்குள் சண்டை வந்தது. "யாரு பத்த வெச்சான்னு நாளெல்லாம் தேடுறியே, அந்தக் கொட்டகைக்கு ஒத்த வாசல் வெச்சுக் கட்டினானே, அவன் எங்கலே?" என்று கேட்டேன். "அவன் இந்த விளையாட்டுல கிடையாதும்மா. அது எப்பமோ கட்டினது. இந்த ஒரு நாளுக்குள்ளதான் தேடணும்" என்றாய். "அப்ப இது போலீஸ் விசாரணை மாதிரிதான்" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான். அந்தக் கோபத்தில் சொன்னதைத் திரும்பவும் பின்னால் சொல்கிறேன், இப்போது போனுக்கு வருகிறேன்.

கடிகார மண்டபத்துக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். உள்ளே கறுப்பாக ஒரு போன். நீ ஊர் முழுவதையும் தடவிவிட்டாய், செருப்புத் தைக்கிறவன் வீட்டு அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறிவிட்டாய். அந்தக் கூண்டுப் பக்கம் மட்டும் போகவே மாட்டாய். சுற்றிக்கொண்டு போவாய். எனக்கு அது உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம்.

"அந்தப் போனை ஏன்லே தொட மாட்டேங்கிறே?"

"அது தேவையில்லம்மா."

"தேவையில்லாததை எதுக்கு அம்புட்டுப் பெரிசா நடு ஊருக்குள்ள வெச்சிருக்கான்? அடிச்சுப் பாரு."

"சும்மா இரும்மா."

"என்ன, பயமா? விளையாட்டுத்தானலே."

நீ மவுஸைக் கையிலிருந்து விட்டுவிட்டாய். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "ரெண்டு தடவ அடிச்சதோட விட்டிருக்கணும். மூணாவது தடவைதான் எடுத்தாக." சொன்னவன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். நீ எப்போது அடித்தாய், நான் பார்க்கவில்லையே, பிரஸ்ஸில் வைத்து விளையாடியிருப்பானோ என்று நினைத்தேன். அதோடு மறந்தும் போனேன். அந்த மாதமே நீ ஓசூரில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டாய். "இங்கன இருக்க முடியலம்மா" என்றாய். கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். வரவில்லை. பார்த்து வைத்திருந்த பெண் வீட்டுக்காரர்கள் கேட்டு அனுப்பியதற்கு, "என்னைக் கட்டி ஒரு பிள்ள சீரழிய வேணாம்" என்று பதிந்து அனுப்பினாய். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், என் நல்ல காதில் வைத்து. என்ன குறை கண்டான் தன்னிடம் இவன் என்று எனக்குப் புரியவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இருந்தது. கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துண்டை எடுத்தேன். நீ பண்ணுவதைப் பார்த்துப் பார்த்து எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரயில் வந்தது. தொப்பிக்காரன் இறங்கினான். என் கையில் அவன் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சுவரில் முட்டுவான், திரும்புவான், பால்கடைக்காரன் காலை மிதிப்பான். எழுத்து ஒன்றும் எனக்குப் புரியாது. எனக்குத் தெரிந்தது அந்தக் கூண்டு ஒன்றுதான். சாயங்காலம் ஆகிற நேரத்துக்கு அவனை எப்படியோ அங்கே கொண்டு சேர்த்தேன். போனை எடுத்தான். திரையில் வரிசையாக ஏதோ எழுத்து வந்தது, முதலில் இருந்ததை அமுக்கினேன். மணி போனது. ஒரு தடவை அடித்து நின்றது, திரும்ப அமுக்கினேன். அதுவும் நின்றது. மூன்றாவது தடவை அடித்தபோது கொட்டகையின் அந்த ஒத்த வாசல் வழியாக சிவப்புத் தொப்பிக்காரி வெளியே வந்தாள். வேகமாக நடந்து எதிர்த்த கடைக்குப் போனாள். அங்கே அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவள் வைத்த நேரம் பின்னால் கொட்டகை பிடித்துக்கொண்டது. மற்ற எல்லாரும் உள்ளே. அவள் ஒருத்தி போனைக் காதில் வைத்தபடி ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். இந்த விளையாட்டைச் செய்தவன் எந்தத் தேசத்துக்காரனோ, அவனுக்கு என்னைத் தெரியாது, நம் கம்பெனியைத் தெரியாது. ஆனால் அங்கே நின்றது நான், செல்வம். அப்போதுதான் நீ சொன்ன வார்த்தை எனக்குத் திரும்ப வந்தது. எடுத்தாக. அந்த ஊரில் இருக்கிற ஒருத்தனுக்கும் நீ மரியாதை கொடுத்ததில்லையே! பெரிய நாடகக் கம்பெனி முதலாளியைக்கூட அவன், இவன், களவாணிப்பய என்றுதான் சொல்வாய். தொப்பிக்காரி எடுத்தா, பால்கடைக்காரன் எடுத்தான் என்பாய். "எடுத்தாக" என்று நீ யாரைச் சொல்வாய்? வந்தாக, சொன்னாக, சாப்பிட்டாக என்று இந்த வீட்டில் நீ ஒரே ஒரு ஆளைத்தான் சொல்லியிருக்கிறாய். உன் அப்பாவை.

அப்படியே சேலையை மாற்றிக்கொண்டு வாட்ச்மேன் சங்கரண்ணன் வீட்டுக்குப் போனேன். கம்பெனிக்குச் சீல் வைத்தபின் அவர் வீட்டோடுதான் இருக்கிறார். "அண்ணே, வெடிச்ச அன்னைக்கு எங்க வீட்டுப் போன் எத்தன தடவண்ணே அடிச்சுச்சு?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். "ரெண்டு தடவ அடிச்சு ஓஞ்சுச்சு தாயி. மூணாவது அடிக்கவும்தான் உன்னயச் சத்தம் போட்டேன். இதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்றார். இதைக் கேட்கத்தான் போனேன். இதை நான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், உன்னிடம்.

இப்போது நான் சொல்வதை நிதானமாக வாசி. அன்றைக்கு நடந்ததை நாம் இருவரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. நான் கண் முழித்தபோது நீ மொட்டைத் தலையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். அந்தத் தலையைப் பார்த்துத்தான் அவர் இல்லை என்று தெரிந்துகொண்டேன். நீ ஏதோ கேட்டாய். என் இரண்டு காதும் அடைத்திருந்தன. உன் வாய் அசைந்ததைப் பார்த்து, சாப்பாட்டைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து "சாப்பிட்டேன்லே" என்று சொன்னேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ எதையும் கேட்கவில்லை. அன்று நீ கேட்டது சாப்பாட்டை அல்ல என்று இப்போது தெரிகிறது. நான் எப்படி வெளியே வந்தேன் என்றுதானே கேட்டாய்?

கேள். அது நடப்பதற்கு முந்தின வாரம் நீ அப்பாவோடு சண்டை போட்டாய். "அவசரத்துக்குக் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிறீக. போனைக் கையில வெச்சுக்கிட்டா என்னப்பா?" என்றாய். அவர் வாசல் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். காது மடலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே, "கையில வெச்சிருந்தா கையே இருக்காதுலே" என்று சிரித்தார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதைத்தான் நீ கடைசியாக மனசில் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். நீ போன பிறகு அவர் சொன்னதை நீ கேட்கவில்லை. "பையன் கோவப்படுறான். அவன் கூப்பிட்டா என்னமோ ஏதோன்னுதான் இருக்கும். சங்கரண்ணன்ட்ட சொல்லி வைக்கிறேன். அடிச்சா ஒரு சத்தம் குடுக்கட்டும். நான் கலவை ரூமுல இருந்தா நீ போயி எடு" என்றார். அவ்வளவுதான். போனை அவர் உள்ளே கொண்டு போகவில்லை. எத்தனை வருஷம் வெடிமருந்து கலக்கியவர்! பையன் கோபித்தான் என்பதற்காகப் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு கலவை ரூமுக்குள் போகிற ஆளா உன் அப்பா? சட்டையில் பிளாஸ்டிக் பித்தான் இருந்தால்கூடப் பிய்த்து எறிந்துவிட்டுப் போகிறவர். அவரை அப்படி நினைத்துவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்குப் போன் வழக்கம் போலக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் கொட்டகை ஆணியில், உன் அப்பாவின் சாப்பாட்டுப் பைக்குள் தொங்கியது. நான் என் ரூமில் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தேன். சங்கரண்ணன் வெளியிலிருந்து, "தாயி, உங்க வீட்டுப் போனு விடாம அடிக்குது!" என்று கத்தினார். உன் அப்பா கலவை போட்டுக்கொண்டிருந்தார், நடுவில் கூப்பிடக்கூடாது. நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் பேச்சி மதினி, "சுருக்கா வா. உன் சட்டியையும் சேத்து நான் அடைச்சுக்கிட்டு இருக்க முடியாது" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. வெயிலில் கேட்டு வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பையிலிருந்து போனை எடுத்தேன். உன் பெயர் தெரிந்தது. பச்சைப் பித்தானை அமுக்கினேன். காதில் வைத்து, அலோ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவ்வளவுதான். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முதுகில் யாரோ ஏறி மிதித்ததுபோல இருந்தது. மண்ணில் கிடந்தேன். கலவை ரூம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிறகு என் ரூம் போனது. போன் என் கையில் இருந்து எங்கோ போய் விழுந்தது. நான் பித்தானை அமுக்கியது உனக்கு வந்து சேர்ந்ததா என்றே எனக்குத் தெரியாது. எனக்கு உன் குரல் கேட்கவில்லை, அதனால் சேரவில்லை என்றே நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிகிறது. நீ பிரஸ்ஸில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாய். அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஒரு வார்த்தை வருவதற்குள் அந்தச் சத்தம் வந்தது. போன் பட்டால் மருந்து பிடித்துக்கொள்ளும் என்று இந்த ஊரில் தாய்ப்பாலோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறோம். சுடுகாட்டில் வைத்து உன் பெரியப்பா வேறு, "எவனோ போனை உள்ள கொண்டு போயிருக்கான்யா" என்று ஊருக்குக் கேட்கக் கத்தினாராம். கொள்ளி வைத்த கையோடு நீ அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். பதில் சொல்ல வேண்டிய நான் ஆஸ்பத்திரியில் காது அடைத்துக் கிடந்தேன்.

ஐயோ, என் ராசா! இதை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் அடித்துவிடுவேன் என்று பயமா? கொலைகாரன் என்று நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாயா?

போனை எடுத்தது உன் அப்பா இல்லை. நான்.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். நம் தெருவில் பேச்சி மதினி மகள் இருக்கிறாள். தண்ணீர் பிடிக்கப் போனால் தினமும் என் முகத்தைப் பார்ப்பாள். உங்களுக்கு ஒரு போன் வந்தது, எங்க அம்மாவுக்கு வரவில்லையே என்று அவள் கேட்டுவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? எல்லாரும் ஏதோ புண்ணியம், தப்பித்தாள் என்றார்கள். அதை அப்படியே விட்டுவிட்டேன். உனக்கும் அதைச் சொல்லப் பயமாக இருந்தது. கூப்பிட்டது அப்பாவை, வந்தது அம்மா என்று நீ நினைத்துவிடுவாயோ என்று இருந்தது. எனக்குத்தான் அந்தப் பாரம், உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே போனை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இதை வாசித்ததும் உனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. உன் அப்பா வரப்போவதில்லை. எதனால் பிடித்தது என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. உராய்வு என்று எழுதினார்கள். எங்கே வெடித்தாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதுகிறார்கள். போர்மேனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நான் அன்று கோபத்தில் சொன்னதைத்தான் இப்போது பொறுமையாகச் சொல்கிறேன். நீ அந்த ஒரு நாளுக்குள் போய்ப் போய்த் தேடுகிறாய். காலையில் என்ன செய்தேன், யாரிடம் பேசினேன், எதற்கு அடித்தேன் என்று தேடுகிறாய். அந்த நாளில் ஒன்றும் இல்லை. அது தீபாவளி சீசன். வடக்கே அனுப்ப வேண்டிய லோடு நிற்கிறது என்று நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் எங்களை நெருக்கி உட்கார வைத்தார்கள். என் ரூமுக்கும் கலவை ரூமுக்கும் நடுவில், மரத்தடியில், அடைத்த சட்டியும் மருந்தும் பரப்பிக் கிடந்தன. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் மறுநாள் வேன் நம் தெருவில் நிற்காது. ஆர்டர் எடுத்தவனும், கண்ணை மூடிக்கொண்டு போனவனும் அந்த நாளுக்குள் வரவே இல்லை. நீ வந்தாய், போன் பண்ணினாய் என்பதால் உன்னையே பிடித்து வைத்துக்கொண்டாய். கையில் கிடைத்தவனைப் பிடித்து உள்ளே வைப்பது போலீஸ் வேலை. நீயும் அதைச் செய்யாதே.

உனக்கு நான் புத்தி சொல்ல நினைத்திருந்தது வேறு. நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட நேரம் முழிக்காதே, அந்தப் பெண்ணை ஒரு தடவை நேரில் பார் என்றெல்லாம் எழுத வேண்டும் என்று இருந்தேன். பார்க்காவிட்டாலும் போ, அது உன் இஷ்டம். உன்னைக் கட்டுகிறவள் சீரழிவாள் என்று மட்டும் இனி சொல்லாதே. நீ போன் பண்ணிக் கெட்டவர்கள் யாரும் இல்லை. நீ போன் பண்ணாவிட்டால் பேச்சி மதினிக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன், உனக்குக் கொள்ளி இரண்டாகியிருக்கும். நான் உயிரோடு இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கே பல நாள் தெரிவதில்லை. ஆனால் இருக்கிறேன். வெங்காயம் உரிக்கிறேன், உன் துணிகளை வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறேன், இப்போது இதை எழுதுகிறேன்.

அப்பாவின் பட்டன் போனைச் சங்கரண்ணன் மண்ணிலிருந்து எடுத்து வைத்திருந்து பிறகு என்னிடம் கொடுத்தார். உன் கண்ணில் படக்கூடாது என்று பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். நம்பரை வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாதே என்று ரீசார்ஜ் பண்ணிக்கொண்டேதான் வந்தேன். எதற்குப் பண்ணுகிறேன் என்று எனக்கே தெரியாது. நேற்றுச் சார்ஜ் போட்டேன். ஒரு மூலை உருகியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. கடைக்காரப் பையனை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். மணி அடிக்கிறது, அதே மணி.

நீ இதை வாசித்து முடித்ததும் அந்த நம்பருக்கு அடி. குரலைப் பதிந்து அனுப்பாதே. எனக்கு வேண்டியது அது இல்லை. அடிக்க உனக்குப் பயமாக இருக்கும், தெரியும். எனக்கும் பயம்தான். ஒரு தடவையில் முடியாவிட்டால் வைத்துவிட்டுத் திரும்ப அடி. மூன்றாவது தடவை என்றாலும் அடி. இங்கே கலவை ரூம் இல்லை, மருந்து இல்லை, வெறும் வீடு. போனை மடியிலேயே வைத்திருப்பேன். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நல்ல காதில் வைத்து, அன்றைக்குச் சொல்ல விடாத அலோவைச் சொல்கிறேன். அதற்கப்புறம் உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. வெயிலில் திட்டிக்கொண்டே கேட்டு வரைக்கும் நடந்தபோது கேட்க நினைத்தது.

அன்னைக்கு என்னத்துக்குலே கூப்பிட்டே?

அம்மா